கரைசேர்ந்த கருவிகள்



திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமையைப் பேசாதார் இல்லை. கொட்டியாரக் குடாவை அடுத்து, மேடுகளும் மலைகளும் காவலாகச் சூழ்ந்து நிற்க அமைந்த அந்த உட்குடா, உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றென எண்ணப்படுவது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரான்சியர், ஆங்கிலேயர் ஆகிய நால்வரும் அதன்மீது கண்வைத்தனர். 1957ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படை விடைபெற்றபோது அத்துறை இலங்கையின் கைக்கு வந்தது. ஆயினும், இந்நாட்டை நாடிவரும் வாணிகக் கப்பல்களுட் பெரும்பாலானவை கொழும்பிலேயே நங்கூரம் இடுகின்றன. கொழும்புத் துறை இயற்கை அளித்த கொடையன்று. கடலுக்குள் அணை கட்டி அலையைத் தடுத்து மனிதர் ஆக்கியது.

இதற்குக் காரணம் பல. அவற்றுள் ஒன்று, துறைமுகம் என்பது ஆழமான நீர் மட்டும் அன்று என்பதாகும். இறங்குதுறை வேண்டும், பாரந்தூக்கி வேண்டும், பண்டகசாலை வேண்டும், பழுது பார்க்கும் பட்டறை வேண்டும், அவற்றைக் கையாளத் தெரிந்த மக்களும் வேண்டும். சீனன்குடாவிலே கோதுமை மாவாலை ஒன்று இறங்குதுறையோடு அமைந்தபின் கோதுமைக் கப்பல்கள் அங்கே வந்து அணைகின்றன. கடல் முன்பும் அதே கடல்தான். கரையிலே கருவி அமைந்தமையே வேறுபாடு.

கணினியுலகிலும் இதனையொத்த நிலைமை ஒன்று உண்டு. அதனை எடுத்துரைப்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

கணினியின் உறுப்புகள் அனைத்தையும் ஆண்டு நடத்தும் அடிப்படை மென்பொருளுக்குப் பணிசெயல் முறைமை என்று பெயர். விசைப்பலகையில் அழுத்திய எழுத்தைத் திரைக்குக் கொணர்வதும், கோப்புகளைச் சேமிப்பகத்தில் ஒழுங்காக வைப்பதும், பல வேலைகள் ஒருங்கே நடக்கும்போது ஒன்றையொன்று மோதாது காப்பதும் அதன் கடமை. இவற்றுட் சில, தனி நிறுவனங்களின் உடைமை. விலைகொடுத்து உரிமம் பெற்றே அவற்றைப் பயன்படுத்தல் வேண்டும். அவற்றின் உள்ளமைப்பை வெளியார் காணவும் இயலாது. வேறு சில, திறந்த மூல முறைமைகள். அவற்றின் மூலநிரலை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். லினக்ஸ் என்பது அத்தகைய முறைமைகளுட் பெயர்பெற்றது. அதுவே நாம் உவமை கூறிய இயற்கைத் துறைமுகம். ஆழம் உண்டு; நுழைவதற்கு வரி இல்லை. ஆயின், அங்கே தொழில் செய்யக் கருவி உண்டா என்பதே வினா.

கருவி எனப்படுவது யாது? செய்நிரலாக்க மொழி என்பது, கணினி செய்யவேண்டிய வேலைகளை மனிதர் எழுதிக் காட்டுவதற்கு வகுத்துக்கொண்ட மொழி. அம்மொழியின் இலக்கணத்தைத் தாளிலே கற்றுவிடலாம். ஆயின், எழுதியதைக் கணினி தானே விளங்கிக்கொள்ளாது. மனிதர் எழுதியதை இயந்திரத்தின் எண்மொழிக்குப் பெயர்த்துத் தரும் தொகுப்பான் ஒன்று வேண்டும். பெயர்த்த துண்டுகளை ஒன்றாகப் பொருத்தும் இணைப்பான் வேண்டும். கோப்பைத் திறத்தல், எண்ணைக் கூட்டுதல், சொல்லை அச்சிடுதல் போன்ற அன்றாட வேலைகளுக்கு ஆயத்தமாக எழுதிவைத்த நிரல் நூலகம் வேண்டும். பிழை எவ்வரியில் நேர்ந்தது என்று தேடிக் காட்டும் துணைக்கருவி வேண்டும். தச்சுத் தொழிலைக் கற்றவன் உளியும் வாளும் இன்றி ஒரு பலகையையும் செதுக்க இயலாதவாறு, மொழியைக் கற்றவன் இக்கருவிகளின்றி ஒரு செய்நிரலையும் இயக்க இயலாது.

ஒரு பணிசெயல் முறைமையில் இயங்கும் கருவியை மற்றொரு முறைமையில் இயங்குமாறு பெயர்த்தமைத்தலை ஆங்கிலத்தில் போர்ட்டிங் என்பர். துறைமுக நகரத்தவர் காதுக்கு அச்சொல் பழகியதுபோல் ஒலிக்கும். எனினும், அது சுமந்து செல்லுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையை அடியாகக் கொண்டது. ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கருவியைச் சுமந்து சென்று, அங்குள்ள மண்ணுக்கேற்ப நாட்டி நிறுத்துவதே அவ்வேலை.

இவ்வேலை எவ்வளவு முதன்மை வாய்ந்தது என்பதற்கு லினக்சின் பிறப்பே சான்று. 1983ஆம் ஆண்டு செப்டெம்பரில் அமெரிக்காவைச் சேர்ந்த றிச்சட் ஸ்டோல்மன் என்பார், எவரும் தடையின்றிப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய பணிசெயல் முறைமை ஒன்றை ஆக்கப்போவதாக அறிவித்தார். அதற்குக் குனூ என்று பெயரிட்டார். முழு முறைமையும் அவர் கையில் உடனே உருவாகவில்லை. ஆனால், 1987ஆம் ஆண்டு மார்ச்சில் சி என்னும் மொழிக்குரிய தொகுப்பான் ஒன்றை வெளியிட்டார். ஜி.சி.சி. எனப்படும் அத்தொகுப்பான், துறைமுகம் கட்டப்படுமுன்பே ஆயத்தமாகிவிட்ட பாரந்தூக்கியை ஒத்தது.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் பயின்ற லீனஸ் டோர்வால்ட்ஸ் என்னும் இருபத்தொரு வயது மாணவர், தம் வீட்டுக் கணினியில் புதியதோர் அடிப்படை முறைமையை எழுதத் தொடங்கினார். 1991ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25ஆந் தேதி அதனை உலகுக்கு முதன்முதலாக அறிவித்தார். அந்தச் சிறு அறிவிப்பில் அவர் கூறிய செய்திகளுள் ஒன்று இன்றும் எண்ணத்தக்கது: ஜி.சி.சி.யின் 1.40ஆம் பதிப்பையும், கட்டளைகளை ஏற்று நடத்தும் பாஷ் என்னும் கருவியின் 1.08ஆம் பதிப்பையும் தம் முறைமைக்குக் கொணர்ந்துவிட்டதாக அவர் தெரிவித்தார். அழகிய திரையோ விளையாட்டோ அன்று. ஒரு மொழியின் தொகுப்பானே அங்கு முதலிற் கரையிறங்கிய சரக்குகளுள் ஒன்று. அதன் பயன் விரைவிலேயே தெரிந்தது. அதுவரை மினிக்ஸ் என்னும் வேறொரு முறைமையின் துணைகொண்டே லினக்ஸ் தொகுக்கப்பட்டு வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்த 0.11ஆம் பதிப்போ, லினக்சிலேயே லினக்சைத் தொகுக்கும் வல்லமை பெற்றது. தன்னைத் தானே ஆக்கிக்கொள்ளும் நிலையை எய்திய பின்னரே அது தன்காலில் நின்றது எனலாம்.

இங்கு ஓர் ஐயம் எழும். தொகுப்பானும் ஒரு செய்நிரலே. அதனையும் தொகுத்துத்தானே ஆக்கவேண்டும்? சம்மட்டியை ஆக்குவதற்குக் கொல்லனுக்குச் சம்மட்டி வேண்டுமெனின், முதற் சம்மட்டி எங்கிருந்து வந்தது? தொழிலறிந்தோர் இதற்குக் கண்ட விடை எளியது. பழைய கரையில் உள்ள தொகுப்பானைக் கொண்டு, புதிய கரைக்கு ஏற்ற தொகுப்பான் ஒன்றை முதலில் ஆக்குவர். அதனைப் புதிய கரைக்குக் கொண்டுசென்று, அங்கு வைத்தே தொகுப்பானின் மூலநிரலை மறுபடியும் தொகுப்பர். அவ்வாறு பிறந்த தொகுப்பானைக் கொண்டு மீண்டும் ஒருமுறை தொகுப்பர். இறுதி இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருப்பின் வேலை செம்மையாயிற்று என்று தெளிவர். ஜி.சி.சி. இன்றும் இவ்வாறே மூன்று படிகளில் தன்னைச் சோதித்துக்கொள்கிறது.

இது பாடசாலைப் பிள்ளைகளுக்கு எட்டாத செய்தியன்று. இந்நாட்டிலே கல்விப் பொதுத் தராதர சாதாரண தரத்தில் தகவல் தொழினுட்பம் பயின்ற மாணாக்கர் பல்லாண்டுகளாகப் பாஸ்கல் என்னும் மொழியையே முதற்கண் கற்று வந்தனர். சுவிற்சலாந்து அறிஞர் நிக்லவுஸ் வீர்த் அம்மொழியை 1970ஆம் ஆண்டில் வெளியிட்டார். நல்ல ஒழுங்கோடு சிந்திக்கப் பழக்குவதே அவர் கருத்து. 1983ஆம் ஆண்டில் போர்லண்ட் என்னும் அமெரிக்க நிறுவனம் டர்போ பாஸ்கல் என்ற பெயரில் விரைவான தொகுப்பான் ஒன்றைக் குறைந்த விலையில் விற்றமையால், உலகெங்கும் மாணாக்கர் கைகளில் அது புழங்கலாயிற்று. ஆயின், அது அந்நிறுவனத்தின் உடைமை. டொஸ் என்னும் முறைமையிலும் அதனையொத்த சிலவற்றிலுமே இயங்கியது. லினக்சை ஏற்றுக்கொண்ட பாடசாலை ஒன்று, பாடநூலிற் கண்ட பாஸ்கல் நிரலை இயக்கிக் காட்ட வேறு வழி தேடவேண்டியதாயிற்று.

2009ஆம் ஆண்டு ஒக்டோபரிலே கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, கிண்ணியா மக்கள் திருகோணமலை நகருக்கு வருவதற்கு, அப்பகுதியார் பாதை என்று வழங்கும் மிதவையை நம்பியிருந்ததை நேயர்கள் அறிவர். மிதவை மறுகரையில் நின்றால் இக்கரையிலே காத்திருக்கவேண்டும். வேண்டிய கருவி வேறொரு முறைமையில் மட்டுமே கிடைக்கும்போது மாணவன் நிலையும் அதுவே.

அந்த ஆற்றுக்குப் பாலம் அமைத்தோர் சிலர். 1993ஆம் ஆண்டில் ஜேர்மனியைச் சேர்ந்த ஃபுளோறியன் கிளெம்ப்ஃபிள் என்னும் இளைஞர், பாஸ்கலுக்குத் திறந்த தொகுப்பான் ஒன்றைத் தாமே எழுதத் தொடங்கினார். தொடக்கத்தில் அதனைத் தொகுப்பதற்கு அவரும் டர்போ பாஸ்கலையே பயன்படுத்தினார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் அது தன்னைத் தானே தொகுக்கும் நிலையை அடைந்தது. இணையத்தில் வெளியானபின் பலர் அவரோடு கைகோத்தனர். அவர்களுள் ஒருவரான மிக்கேல் வன் கன்னேற் அதனை லினக்சுக்குக் கொணர்ந்தார். ஃபிறீ பாஸ்கல் எனப்படும் அத்தொகுப்பானின் 1.0ஆம் பதிப்பு 2000ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்தது. டர்போ பாஸ்கலின் மொழிவழக்கை அது பின்பற்றியது. அதன் நிரலை எடுத்தாளவில்லை. ஆதலின் எவருக்கும் அது கடன்பட்டிருக்கவில்லை. இன்று, உரிமக் கட்டணம் ஒரு சதமும் இன்றிப் பழைய கணினியொன்றில் லினக்சையும் ஃபிறீ பாஸ்கலையும் நிறுவி, ஒரு மாணவி தன் வீட்டில் இருந்தே பாடநூற் பயிற்சிகளைச் செய்து பார்க்கலாம். களவாகப் பிரதிசெய்த மென்பொருளைத் தேடி அலையவேண்டியதில்லை. கற்கும் பருவத்திலேயே பிறர் உடைமையைக் கவரும் பழக்கத்துக்கு ஆளாகாமல் இருப்பதும் ஒரு கல்விதான்.

இவ்வாறு கருவியைக் கரைசேர்ப்போர் என்னென்ன தடைகளைக் கடக்கின்றனர் என்று சிறிது நோக்குவோம். எந்திரம் ஒன்றாக இருப்பினும், முறைமைக்கு முறைமை வழக்கு வேறு. டொஸ் மரபில் கோப்பின் இருப்பிடத்தைப் பின்சாய்ந்த கோட்டால் பிரித்து எழுதுவர். லினக்சில் முன்சாய்ந்த கோடு. டொஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு குறிகளை இடும். லினக்ஸ் ஒன்றை மட்டுமே இடும். ஆங்கிலத்தின் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் கோப்புப் பெயரில் டொசுக்கு ஒன்றே. லினக்சுக்கோ அவை வெவ்வேறு. பேரெழுத்து, சிற்றெழுத்து என்னும் வேற்றுமையே இல்லாத தமிழில் வளர்ந்த பிள்ளை, கோப்பைக் காணவில்லை என்று கணினி கூறும்போது திகைப்பதில் வியப்பில்லை. இவற்றுக்கு அப்பால், நினைவகத்தைக் கேட்டுப் பெறும் முறையும், இயங்குநிரற் கோப்பின் கட்டமைப்பும் வேறுபடும். ஒவ்வொன்றையும் ஒருவர் பொறுமையாக அமர்ந்து மாற்றி எழுதல் வேண்டும். புகழ் தரும் வேலையன்று அது. பாலத்தின் நீருக்கடியில் நிற்கும் தூணைப் போன்றது.

கருவிகள் முன்னரே கரையில் இருந்தமையால் விளைந்த நன்மைக்குக் கிழக்குக் கரையோடு தொடர்புடைய சான்று ஒன்றுண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதி காலையிலே ஆழிப்பேரலை இத்தீவைத் தாக்கியது. திருகோணமலை மாவட்டத்தில் கிண்ணியா, மூதூர், நிலாவெளி ஆகிய கரையோரங்கள் பேரழிவைக் கண்டன. காணாமற்போனவர் யார், எம்முகாமில் எவர் தங்கியுள்ளார், எவ்வூருக்கு எப்பொருள் வேண்டும், எந்நிறுவனம் எங்கே தொண்டாற்றுகிறது என்று அறியாமல் உதவிகள் ஓரிடத்திற் குவிந்தும் ஓரிடத்தில் இல்லாமலும் போயின. அப்போது இலங்கையின் கணினித் தொண்டர்கள் ஒன்றுகூடிச் சில நாட்களிலேயே இச்செய்திகளைப் பதிந்து தேடும் மென்பொருள் ஒன்றை ஆக்கினர். அதற்குச் சஹானா என்று பெயரிட்டனர்; சிங்கள மொழியில் அச்சொல் துயர்தணிப்பைக் குறிக்கும். பி.எச்.பி. என்னும் செய்நிரலாக்க மொழியும் அதன் கருவிகளும் லினக்சில் முன்னரே நன்கு வேரூன்றி இருந்தன. உரிமத்துக்கு விண்ணப்பித்து விடைக்காகக் காத்திருக்கும் நிலை அவர்களுக்கு ஏற்படவில்லை. மறு ஆண்டு பாகிஸ்தானில் பூமி அதிர்ந்தபோதும் சஹானா அங்கு பயன்பட்டது. பின்னர்க் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநலப் பரிசும் அதற்குக் கிடைத்தது. இடருற்ற நாளிற் கருவியைத் தேடுவோர்க்கும், தேடாமலே கையில் எடுப்போர்க்கும் உள்ள வேறுபாடு எத்தகையது என்பதை இதனாலே உணரலாம்.

இனித் தமிழின் நிலையை நோக்குவோம். உயர்தர வகுப்பில் தகவல் தொழினுட்பம் பயில்வோர் பைத்தன் என்னும் மொழியைக் கற்றனர். நெதர்லாந்தைச் சேர்ந்த குவீடோ வன் றொசும் அதனை ஆக்கி, 1991ஆம் ஆண்டில் வெளியிட்டார். லினக்ஸ் உலகுக்கு அறிமுகமானதும் அதே ஆண்டிலேதான். லினக்ஸ் நிறுவப்பெற்ற கணினிகளுட் பெரும்பாலானவற்றில் பைத்தன் முன்னரே குடியிருப்பதைக் காணலாம். 2008ஆம் ஆண்டு வெளிவந்த பைத்தன் 3, பிற மொழி எழுத்துகளையும் தன்னுள் இயல்பாக ஏற்றது. செய்நிரலில் ஒரு மாறிக்குத் தொகை என்றோ விலை என்றோ தமிழிலேயே பெயரிடலாம் என்னும் நிலை அதனால் ஏற்பட்டது.

தமிழ்நாட்டிலே பிறந்து அமெரிக்காவிற் பணியாற்றிய முத்தையா அண்ணாமலை என்னும் பொறியியலாளர் இதற்கு ஒருபடி மேலே சென்றார். எழில் என்னும் தமிழ்ச் செய்நிரலாக்க மொழியை ஆக்கி, 2009ஆம் ஆண்டில் அது பற்றிய கட்டுரையை வெளியிட்டார். எழிலில் அச்சிடுக என்பதற்குப் பதிப்பி என்பது கட்டளை. நிபந்தனையை முதலில் எழுதி, அதன்பின் ஆனால் என்னும் சொல்லை இடவேண்டும். மழை பெய்தால் என்று நிபந்தனையை முன்வைத்து வினையைப் பின்வைக்கும் தமிழின் போக்குக்கு அது ஒத்துச் செல்கிறது. எழிலைப் பைத்தனின்மேல் கட்டினமையால், பைத்தன் சென்ற கரைக்கெல்லாம் எழிலும் செல்ல இயன்றது. ஒரு தூணை ஒருவர் நாட்ட, அதன்மேல் மற்றொருவர் கூரை வேய்வது போல்வது இது. பெரிய தொழிலகங்களில் எழிலைக் கொண்டு வேலை நடக்கும் என்று எவரும் கூறார். ஆங்கிலத்தையும் பிற மொழிகளையும் மாணாக்கர் பின்னர்க் கற்கத்தான் வேண்டும். ஆயின், முதன்முதலில் செய்நிரல் என்னும் கருத்தை நெஞ்சில் வாங்கும் பொழுதில், அயல்மொழியின் அச்சமும் உடன்சேர்ந்து ஒரு குழந்தையை அலைக்கழிக்க வேண்டியதில்லை அன்றோ?

கருவி கரைசேர்ந்தாலும் வேலை முற்றுப்பெறுவதில்லை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. திருகோணமலை என்னும் ஊர்ப்பெயரில் எத்தனை எழுத்துகள்? அரிச்சுவடி கற்ற பிள்ளை தி, ரு, கோ, ண, ம, லை என்று விரல்விட்டு ஆறு என்று கூறும். பைத்தனைக் கேட்டால் அது பத்து என்கிறது. உலகப் பொதுக் குறியீடாகிய யூனிகோட்டில் தகரத்துக்கு ஓர் எண்ணும், அதனோடு சேரும் இகரக் குறிக்கு வேறோர் எண்ணும் இருப்பதே காரணம். அது மட்டுமோ? கோ என்பதன் ஓகாரக் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம். முன்னும் பின்னும் நிற்கும் இரண்டு குறிகளாகப் பிரித்து இரண்டு எண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ இரண்டும் வெவ்வேறு ஊர்கள். ஓர் அலுவலகத்தார் ஒருவகையாகவும் மற்றோர் அலுவலகத்தார் மற்றொருவகையாகவும் பதிந்திருந்தால், தேடும்போது பாதிப் பெயர்கள் அகப்படா. அரிச்சுவடியின் இறுதியில் நிற்கும் றன்னகரம் யூனிகோட்டு வரிசையில் பகரத்துக்கு முன்னே நிற்கின்றமையால், எண்களையே நம்பி அடுக்கிய பெயர்ப்பட்டியலும் அகராதி ஒழுங்கில் அமையாது.

முகாமில் தங்கியோர் பட்டியலில் தன் உறவினரின் பெயரைத் தேடும் ஒருவருக்கு இஃது இலக்கண நுணுக்கமன்று. கண்ணீரும் ஆறுதலும் ஆகும். இக்குறையை நீக்கத் தமிழ் ஆர்வலர்கள் பைத்தனுக்கென நிரல் நூலகங்களை எழுதினர். ஓப்பன் தமிழ் என்னும் நூலகம் அவற்றுள் ஒன்று. அதனிடம் கேட்டால் திருகோணமலைக்கு ஆறு எழுத்து என்றே கூறும். இலங்கைக் கட்டளைகள் நிறுவகமும் 2008ஆம் ஆண்டில் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் தமிழ்க் குறியீட்டுத் தரத்தை வகுத்தது. தட்டச்சுப் பழகியோர் கைக்கு இசைந்த ரங்கநாதன் விசைப்பலகை லினக்சுக்கும் வந்து சேர்ந்தது. இவையெல்லாம் தாமாக நிகழ்ந்தவை அல்ல. தமிழறிவும் கணினியறிவும் ஒருங்கே உடைய சிலர், ஊதியம் கருதாது மாலைப் பொழுதுகளைச் செலவிட்டமையால் நிகழ்ந்தவை.

இவ்விடத்திலே எச்சரிக்கை ஒன்று கூறவேண்டும். கடற்காற்றில் நிற்கும் இரும்பு துருப்பிடிக்கும். மென்பொருளுக்குத் துரு இல்லை என்று எண்ணற்க. அடியிலுள்ள முறைமை ஆண்டுதோறும் மாறும், மொழியும் மாறும். பைத்தனின் இரண்டாம் தலைமுறைக்கான ஆதரவு 2020ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் தேதியோடு நின்றுபோயிற்று. அதற்குள் மூன்றாம் தலைமுறைக்கு மாற்றி எழுதப்படாத நிரல்கள் கைவிடப்பட்ட படகுகளாயின. திறந்த மூலம் என்பதால் எவரும் திருத்தலாம், மெய்தான். ஆயின், எவரும் திருத்தலாம் என்பதற்கும், யாரோ ஒருவர் திருத்துகிறார் என்பதற்கும் இடையே பெருந்தொலைவு உண்டு. அந்த ஒருவர் இல்லையெனில், கதவு திறந்திருந்தும் வீடு பாழடையும். உலகில் பெருந்தொகையான மக்கள் பேசும் மொழிகளுக்கு நிறுவனங்கள் தம் இலாபம் கருதியேனும் கருவி செய்து தரும். தமிழ் எழுத்தின் நுணுக்கங்களைத் தமிழர் கவனியாவிடின் வேறு யார் கவனிப்பார்?

இப்பொறுப்பு திருகோணமலைப் பிள்ளைகளுக்கு எட்டாததன்று. கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்திலே கணினி விஞ்ஞானம் கற்பிக்கப்படுகிறது. பாடசாலைகளில் கணினிக்கூடங்கள் உள்ளன. தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒரே தெருவில் ஒலிக்கும் நகரம் அது. இரு மொழிப் பெயர்களை ஒரே பட்டியலில் எழுதும் இடர்ப்பாட்டை அந்நகரத்துப் பிள்ளையைவிட நன்கறிந்தவர் அரியர். ஒரு கருவியைப் புதிதாகப் படைப்பது எல்லார்க்கும் இயலாது. ஆனால், ஒரு கருவியை லினக்சில் நிறுவிப் பார்த்தல், தமிழ் எழுத்து எங்கே உடைகிறது என்று கண்டு தெளிவாக எழுதி அனுப்புதல், பயன்படுத்தும் முறையை எளிய தமிழில் விளக்குதல், ஒரு வரியேனும் திருத்தித் தருதல் ஆகியன பாடசாலைப் பருவத்திலேயே இயலும். ஜி.சி.சி.யும் ஃபிறீ பாஸ்கலும் வளர்ந்தது இத்தகைய சிறு உதவிகள் பலவற்றின் திரட்சியால்தான். ஹெல்சிங்கியில் ஒரு மாணவர் தம் அறையில் தொடங்கிய வேலை உலகெங்கும் பரவியதெனின், உப்புக்காற்று வீசும் ஒரு குடாக்கரையில் தொடங்கும் வேலை பரவாது என்று விதியில்லை.

துறைமுகத்தின் ஆழம் இயற்கையின் கொடை; அதற்காகப் பெருமை கொள்ளலாம், உழைக்கவேண்டியதில்லை. இறங்குதுறையும் பட்டறையும் மனிதர் கைவேலை. அவற்றுக்கு உழைத்தல் வேண்டும், பின் நாள்தோறும் பேணுதல் வேண்டும். திறந்த மூலம் என்னும் ஆழமான துறை இன்று எல்லார்க்கும் திறந்திருக்கிறது. அங்கே பிறர் கொண்டுவந்து இறக்கும் கருவிகளைப் பயன்படுத்துவதோடு நின்றுவிடுவதா, அல்லது தமக்கும் தம் மொழிக்கும் வேண்டிய கருவிகளைத் தாமே கரைசேர்த்துக் காப்பதா என்பதை அடுத்த தலைமுறைதான் முடிவு செய்யும். அம்முடிவுக்கு அவர்களை ஆயத்தப்படுத்துவது பெற்றோரும் ஆசிரியரும் ஆற்றவேண்டிய கடமை. அதற்கு இவ்வார இறுதியிலேயே தொடக்கமிடலாம்: மூலையிற் கிடக்கும் பழைய கணினியொன்றின் தூசியைத் தட்டி, அதில் லினக்சை நிறுவி, ஒரு பிள்ளையை அதன்முன் அமர்த்தினாற் போதும். தன் ஊர்ப்பெயரின் எழுத்துகளைக் கணினி சரியாக எண்ணுகிறதா என்று அப்பிள்ளை முதலிற் சோதித்துப் பார்க்கட்டும்.